நாத்திகர் எழுதும் வரவு செலவுக் கணக்கு



சமயத்தினால் மனுக்குலத்துக்கு விளைந்தது நன்மையா, தீமையா? இந்தக் கேள்விக்கு நாத்திகர் என்ன விடை சொல்லுகிறார்கள் என்பதை இம்மாதம் சற்றுப் பொறுமையோடு கேட்போம். "விசுவாசிகளாகிய நமக்கு அந்தப் பேச்சு எதற்கு?" என்று சிலர் பக்கத்தைப் புரட்டக்கூடும். புரட்டாதிருங்கள். புனேயிலோ, பெங்களூரிலோ, டெல்லியிலோ விடுதியில் தங்கிப் படிக்கும் உங்கள் பிள்ளையின் கைப்பேசிக்கு அந்தப் பேச்சு ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டது. அவன் அதைக் கேட்டுவிட்டான். உங்களிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நாத்திகர் என்றவுடன் நம்மில் அநேகர் 14-ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தை எடுத்து, மதிகேடன் என்ற ஒரே சொல்லோடு வழக்கை முடித்துவிடுகிறோம். அந்தச் சங்கீதத்தைத் தொடர்ந்து வாசித்துப் பாருங்கள். எளிய ஜனத்தைச் சுரண்டி வயிறு வளர்க்கும் அக்கிரமக்காரரையே அது கண்டிக்கிறது. அப்படிப்பட்டவன் ஆலயத்தின் முதல் வரிசையிலும் உட்கார்ந்திருக்கலாம். அதுமட்டுமல்ல, ரோம சாம்ராஜ்யத்தில் நாத்திகர் என்று முதலாவது பழிக்கப்பட்டவர்களில் நம்முடைய ஆதித் திருச்சபையாரும் உண்டு. சிலையில்லை, பலியில்லை, சக்கரவர்த்திக்குத் தூபமில்லை. அப்படியானால் இவர்கள் தெய்வங்களை மறுப்பவர்கள்தானே என்று ஊரார் சொன்னார்கள். 2-ஆம் நூற்றாண்டில் சிமிர்னா பட்டணத்துக் கண்காணியாகிய பாலிகார்ப்பை அரங்கத்தில் நிறுத்தி, நாத்திகர் ஒழியட்டும் என்று சொல்லும்படி தேசாதிபதி கட்டளையிட்டபோது, அந்த முதியவர் கூடியிருந்த அஞ்ஞானிகளின் திரளை நோக்கிக் கையசைத்து அந்தச் சொல்லைச் சொன்னார் என்று சபைச் சரித்திரம் கூறுகிறது. ஆகவே அந்தப் பட்டத்தை எவர்மேலும் வீசுமுன் சற்று நிதானிப்பது நமக்கு நல்லது.

எல்லா நாத்திகரும் ஒரே கணக்கை எழுதுவதில்லை. செலவுப் பக்கத்தையே நிரப்புகிறவர்கள் உண்டு. அவர்களில் பெயர்பெற்றவர் இங்கிலாந்து தேசத்துத் தத்துவ அறிஞராகிய பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் (1872–1970). 1927 மார்ச் 6 அன்று லண்டன் மாநகரின் பாட்டர்ஸீ நகர மண்டபத்தில், தாம் ஏன் கிறிஸ்தவன் அல்ல என்பதைக் குறித்து அவர் ஆற்றிய சொற்பொழிவு உலகெங்கும் பரவியது. 1930-இல், சமயம் நாகரிகத்துக்குப் பயனுள்ளதாக ஏதாவது செய்திருக்கிறதா என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். செய்திருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, இரண்டே இரண்டைக் குறிப்பிட்டார். பூர்வ நாட்களில் நாட்காட்டியை வகுக்க உதவியது ஒன்று. எகிப்திய ஆசாரியர்கள் கிரகணங்களைக் கவனமாய்க் குறித்துவைத்து, காலப்போக்கில் அவற்றை முன்னறிவிக்கத் தேறியது மற்றொன்று. வேறெதுவும் தமக்குத் தெரியவில்லை என்று பேரேட்டை மூடிவிட்டார்.

இது கணக்கனின் நேர்மையல்ல, வழக்கறிஞரின் சாமர்த்தியம் என்பதே என் எண்ணம். 1900-இல் ஒரே ஒரு படுக்கையோடு ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் தொடங்கிய மருத்துவப் பணியைப்போல் எத்தனையோ பணிகள் அவர் எழுதிய காலத்தில் நடந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு அவருடைய வரவுப் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை.

ஆனால் அவருடைய செலவுப் பக்கத்தை அவ்வளவு எளிதாய்த் தள்ளிவிட முடியாது. சமயத்தின் அடித்தளம் பயம் என்றார் அவர். இனம் புரியாதவற்றைக் குறித்த பயம், தோல்வியைக் குறித்த பயம், மரண பயம். பயம் எங்கேயோ கொடுமையும் அங்கே என்பது அவர் வாதம். மேலும், பெரும்பாலானவர் தேவனை விசுவாசிப்பதற்குக் காரணம் எந்த நியாயமும் அல்ல, சிறு பிராயத்திலிருந்தே அப்படிப் போதிக்கப்பட்டதுதான் என்றார். இரண்டாம் தலைமுறைப் பெந்தெகொஸ்தே குடும்பத்தார் இந்தச் சொல்லை ஒருமுறைக்கு இருமுறை கேட்கவேண்டும்.

நம்முடைய பிரசங்கப் பீடங்களிலிருந்து வரும் சத்தத்தை நினைத்துப் பாருங்கள். "ஆராதனைக்கு வராத ஞாயிறன்றுதான் அந்தச் சகோதரனுக்கு விபத்து நேரிட்டது." "தசமபாகத்தைக் கர்த்தருக்குக் கொடாதவன் அதை ஆஸ்பத்திரிக்குக் கொடுப்பான்." "ஊழியக்காரரை எதிர்த்துப் பேசின குடும்பம் என்ன ஆயிற்று தெரியுமா?" வெளியூரிலிருந்து வந்து, வாடகை வீட்டில் குடியிருந்து, வேலை எந்நாளில் போகுமோ என்று கலங்கி நிற்கும் ஒரு தொழிலாளியின்மேல் இந்த வார்த்தைகள் எவ்வளவு பாரமாய் இறங்கும்! ரஸ்ஸல் நம்முடைய கூட்டங்களுக்கு வந்ததில்லை. வந்திருந்தால் தம் கட்டுரைக்கு இன்னும் சில பக்கங்கள் சேர்த்திருப்பார். விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கும் சமயத் தலைவர்களைக் குறித்து மத்தேயு 23-ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் கூறியவை ரஸ்ஸலின் சொற்களைவிடக் கடுமையானவை என்பதையும் மறவாதிருங்கள்.

மகாராஷ்டிராவில் வாழும் வாசகர்களுக்கு நரேந்திர தாபோல்கரின் பெயர் தெரிந்திருக்கும். சாத்தாராவைச் சேர்ந்த இந்த மருத்துவர் 1989-இல் மூடநம்பிக்கை ஒழிப்பு இயக்கம் ஒன்றை மகாராஷ்டிராவில் நிறுவினார். கடவுளையோ சமயத்தையோ எதிர்ப்பது தம் இயக்கத்தின் வேலையல்ல, அவற்றின் பெயரால் நடக்கும் சுரண்டலையே எதிர்க்கிறோம் என்று அவர் சொல்லிவந்தார். 2013 ஆகஸ்ட் 20 அன்று காலையில் உலாவச் சென்றபோது புனே நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்ட இருவருக்கும் 2024 மே மாதத்தில் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. அவர் ஆண்டுக்கணக்காய்ப் போராடிய சட்டம், அவர் மரித்த சில நாட்களில் அவசரச் சட்டமாக வந்து, அதே ஆண்டு டிசம்பரில் சட்டமன்றத்தில் நிறைவேறியது.

அந்தச் சட்டத்தின் பட்டியலில் ஒரு குற்றத்தை நாம் கவனிக்கவேண்டும். நாயோ பாம்போ தேளோ கடித்தவரை மருத்துவச் சிகிச்சை பெறவிடாமல் தடுத்து, மந்திரத்தால் குணமாக்க முற்படுவது தண்டனைக்குரியது. அதே சட்டம், வீட்டிலும் ஆலயத்திலும் செய்யப்படும் ஜெபத்தை, அது சரீரத்துக்கும் பொருளுக்கும் கேடு விளைவிக்காதவரையில், குற்றமாக எண்ணுவதில்லை. இதில் நமக்கு என்ன வருத்தம் இருக்கமுடியும்? கர்த்தர் குணமாக்குகிறவர் என்று பிரசங்கிக்கிறவன் நான். கை வைத்து ஜெபிக்கிறவன் நான். ஆயினும் சர்க்கரை வியாதிக்காரரின் இன்சுலினை நிறுத்தச் சொல்லுகிறவரும், காசநோய் மாத்திரையை அவிசுவாசம் என்று எறியச் சொல்லுகிறவரும் நம் வட்டாரங்களில் உண்டு என்பதை யார் மறுக்கமுடியும்? பவுலோடு பிரயாணம் செய்த லூக்கா ஒரு வைத்தியர். தீமோத்தேயுவின் வயிற்று நோய்க்குப் பவுல் சொன்ன ஆலோசனையில் மருந்தும் இருந்தது. தாபோல்கரின் இந்தக் குற்றச்சாட்டை நாம் விவாதிக்க வேண்டியதில்லை, ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இனி வரவுப் பக்கத்துக்கு வருவோம். சமயத்தில் உள்ளவை உண்மையல்ல, ஆனாலும் அது மனிதருக்கு மிகுந்த நன்மை செய்கிறது என்று சொல்லுகிற நாத்திகரும் இருக்கிறார்கள். யூத ரபி ஒருவரின் மகனாய்ப் பிறந்து விசுவாசத்தை விட்டு விலகிய பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் துர்கைம், 1897-இல் தற்கொலையைக் குறித்து ஒரு நூல் எழுதினார். மனிதனை ஒரு கூட்டத்தோடு இறுகப் பிணைக்கும் சமயம் அவனைத் தற்கொலையிலிருந்து காக்கிறது என்றும், காப்பது உபதேசம் அல்ல, அந்தப் பிணைப்பே என்றும் வாதிட்டார்.

அவரை நம்முடைய ஞாயிறு ஆராதனைக்கு அழைத்து வந்தால் என்ன காண்பார்? திருநெல்வேலியிலிருந்தும் கன்னியாகுமரியிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் ஒரு பெட்டியோடு ரயில் ஏறி வந்தவனுக்கு இந்தப் பெருநகரத்தில் முதல் அறையைப் பிடித்துக் கொடுத்தது யார்? சபையார். பாஷை தெரியாத ஊரில் பிரசவத்துக்குத் துணையாய் ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் உட்கார்ந்தது யார்? சபையின் சகோதரிகள். ரேஷன் அட்டைக்கு எந்த அலுவலகம், பிள்ளைக்கு எந்தப் பள்ளிக்கூடம், ரத்தம் தேவைப்பட்டால் யாருக்கு எந்தப் பிரிவு என்பதெல்லாம் சபையில் ஒருவருக்கு அத்துப்படி. மரணம் நேரிட்டால் கல்லறையில் இடம் கேட்டு அலைவதும், ஊருக்கு உடலை அனுப்ப விமான நிலையத்தில் நிற்பதும் அவர்கள்தான். ஆராதனை முடிந்தபின் வாசலில் நின்று தமிழில் ஒரு மணி நேரம் பேசிச் சிரித்துவிட்டுப் போவதற்காகவே இரண்டு ரயில் மாறி வருகிறவர்கள் உண்டு. துர்கைம் குறிப்பேட்டை எடுத்து, "நான் எழுதியது சரியே" என்று திருப்தியோடு திரும்பிப் போயிருப்பார்.

இந்த வரிசையில் மத்தேயு பாரிஸ் என்ற பிரிட்டிஷ் பத்திரிகையாளரையும் சேர்க்கவேண்டும். ஆப்பிரிக்காவில் சிறுவயதைக் கழித்த இவர், 2008 டிசம்பரில் லண்டன் டைம்ஸ் நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார். மலாவி தேசத்துக் கிராமங்களில் தண்ணீர்க் குழாய் அமைக்கும் ஒரு தொண்டுப் பணியைப் பார்க்கப் போனவர், தாம் நாத்திகனாயினும், ஆப்பிரிக்காவுக்குத் தேவன் தேவை என்று எழுதினார். பணமும் பயிற்சியும் மாத்திரம் போதாது. ஆவிகளுக்கும் மூதாதையருக்கும் தலைவனுக்கும் அஞ்சி ஒடுங்கிய மனதைக் கிறிஸ்தவ விசுவாசம் நிமிர்த்துகிறது என்பது அவர் கண்டது. இதை நம் ஊழியர்கள் எத்தனை பேர் எவ்வளவு மகிழ்ச்சியோடு மேடைகளில் சொன்னார்கள்! கடவுள் நம்பிக்கை ஒரு மயக்கம் என்று 2006-இல் நூல் எழுதிய ரிச்சர்ட் டாக்கின்ஸ், 2024 ஈஸ்டர் நாட்களில் தம்மைப் பண்பாட்டளவில் கிறிஸ்தவர் என்று சொல்லிக்கொண்டபோதும் அதே மகிழ்ச்சி. கீதங்களும் பேராலயங்களும் அவருக்குப் பிரியமாம். அவற்றில் பாடப்படும் உபதேசத்தில் ஒரு வார்த்தையையும் அவர் நம்பவில்லை என்பதை நம்மவர் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

பிரியமானவர்களே, என் மனதில் உள்ளதை மறைக்காமல் சொல்லுகிறேன். நம்மை நிந்திக்கும் நாத்திகரைக் காட்டிலும், இப்படி நம்மைப் பாராட்டும் நாத்திகரிடத்திலே நாம் அதிக எச்சரிக்கையாய் இருக்கவேண்டும். மருந்து வெறும் சர்க்கரைத் தண்ணீர்தான், ஆனாலும் நோயாளி தெம்பாய் இருக்கிறான், குடிக்கட்டும் என்று சொல்லும் வைத்தியரின் பாராட்டு அது. அதை வாங்கிச் சட்டம் போட்டு மாட்டுவானேன்?

பயனே அத்தாட்சி என்றால் அந்த அத்தாட்சி நமக்கு மாத்திரம் சொந்தமானதல்ல. கணபதி விழா மண்டலும் ரத்ததானம் செய்கிறது. சபரிமலைக்கு மாலையிட்டவனும் நாற்பத்தொரு நாள் குடியை விட்டிருக்கிறான். குருத்வாராவின் லங்கரில் சாதி கேளாமல் சாப்பாடு போடுகிறார்கள். டெல்லியில் வேலை தேடி வந்த நம் பிள்ளைகளே அங்கே பசியாறியது உண்டு. இவற்றைக் கண்டும் காணாததுபோல் இருப்பது உண்மைக்கு அழகல்ல.

இங்கேதான் நம் பிள்ளைகளின் காரியம் வருகிறது. நம்முடைய சாட்சிகள் பெரும்பாலும் எவற்றைப் பற்றியவை? வேலை கிடைத்தது, விசா கிடைத்தது, வீட்டுக் கடன் அனுமதியாயிற்று, மதிப்பெண் வந்தது. ஸ்தோத்திரம் செலுத்துவது தவறல்ல. ஆனால் பதினெட்டு ஆண்டுகள் இந்தச் சாட்சிகளை மாத்திரமே கேட்டு வளர்ந்த பிள்ளை, கல்லூரி விடுதிக்குப் போகிறான். அடுத்த கட்டிலில் இருப்பவன் ஒருநாளும் ஜெபித்ததில்லை. வளாகத் தேர்வில் அவனுக்கும் வேலை கிடைக்கிறது. இவனைவிட அதிகச் சம்பளம். அன்றிரவு பிள்ளையின் மனதில் எழும் கேள்விக்கு எந்த நாத்திகனும் காரணமல்ல. அந்தக் கணக்கை நாமே அவனுக்குக் கற்றுக்கொடுத்தோம். அவன் கூட்டிக் கழித்துப் பார்க்கிறான், அவ்வளவே.

மூன்றாவதாக ஒரு நாத்திகர் கூட்டம் உண்டு. நான் மரியாதையோடு நினைப்பது இவர்களையே. விசுவாசத்தினால் ஆறுதல் உண்டு என்பதை ஒப்புக்கொண்டு, அது உண்மையென்று தங்களுக்குத் தோன்றாதபடியால் அந்த ஆறுதல் வேண்டாம் என்று சொன்னவர்கள்.

லாகூர் மத்திய சிறைச்சாலையில் 1930 அக்டோபரில் தூக்குத் தண்டனைத் தீர்ப்பைப் பெற்ற பகத்சிங்குக்கு அப்போது 23 வயது. அதே சிறையில் இருந்த சீக்கிய விடுதலைப் போராட்ட வீரரான பாபா ரந்தீர் சிங், பகத்சிங்கிடம் தேவனைப் பற்றிப் பேசிப்பார்த்தார். அவனுடைய அவிசுவாசத்துக்கு அகந்தையே காரணம் என்று கடிந்துகொண்டார். அதற்கு விடையாகவே, தான் ஏன் நாத்திகன் என்ற கட்டுரையைப் பகத்சிங் எழுதினான். விசுவாசம் துன்பத்தின் கூர்மையை மழுக்கும், தேவனிடத்தில் மனிதன் பலத்த ஆதரவைக் காணலாம் என்பதை அவன் அதில் மறுக்கவில்லை. தூக்குக் கயிறு கழுத்தில் விழும் நொடியே தன் இறுதி நொடி என்பதையும் அறிந்திருந்தான். மரணம் நெருங்குகையில் நீயும் ஜெபிக்கத் தொடங்குவாய் என்று ஒருவர் சொன்னபோது, சுயநலத்துக்காக அப்படிச் செய்வது தனக்கு இழிவு என்று மறுத்தான். 1931 மார்ச் 23 அன்று தூக்கிலிடப்பட்டான். அக்கட்டுரை அதே ஆண்டு செப்டம்பரில் லாகூரில் அச்சாயிற்று. பெரியாரின் முயற்சியால் ப. ஜீவானந்தம் அதைத் தமிழாக்கினார். நம் பாட்டனார் காலத்திலேயே தமிழர் வாசித்த எழுத்து அது.

அவனுடைய முடிவை நான் ஏற்கவில்லை. அவனுடைய மறுப்பின் தன்மையை நான் மதிக்கிறேன். ரஸ்ஸலும் இதே இடத்துக்கு வருகிறார். 1954-இல் எழுதிய ஒரு கட்டுரையில், உண்மை என்பதற்காக அல்லாமல் வேறெந்தப் பயனுக்காகவும் ஒரு விசுவாசத்தைப் பிடித்துக்கொள்வது பல தீமைகளுக்கு வாசலைத் திறக்கும் என்று அவர் வற்புறுத்தினார். இந்த ஒரு காரியத்தில் நான் ரஸ்ஸலின் பக்கம் நிற்கிறேன். பவுல் அப்போஸ்தலனும் அங்கேதான் நிற்கிறார். கொரிந்து சபையில் மரித்தோரின் உயிர்த்தெழுதலை மறுத்தவர்களுக்கு அவர் என்ன எழுதினார்? கிறிஸ்து எழுந்திராவிட்டாலும் பரவாயில்லை, சபை ஐக்கியம் இருக்கிறது, நல்லொழுக்கம் இருக்கிறது என்று எழுதினாரா? அப்படியானால் தம் பிரசங்கமும் வீண், அவர்களுடைய விசுவாசமும் வீண், தாங்கள் பொய்ச்சாட்சிகள், பரிதாபத்துக்குரியவர்கள் என்று எழுதினார் (1 கொரிந்தியர் 15). நடந்ததா, நடக்கவில்லையா என்பதன்மேலே எல்லாவற்றையும் வைத்துவிட்டார்.

பயனைக் குறித்த கேள்வி வேதத்தில் முதலாவது யாருடைய வாயிலிருந்து வருகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? யோபு விருதாவாகவா தேவனுக்குப் பயந்து நடக்கிறான் என்று கேட்டவன் சாத்தான் (யோபு 1:9). வேலி அடைத்திருக்கிறீர், ஆடுமாடுகளைப் பெருகப்பண்ணியிருக்கிறீர், அதனால் பக்தி. எடுத்துப் பாரும், அப்பொழுது தெரியும் என்றான். நாற்பத்திரண்டு அதிகாரங்கள் அந்தக் கேள்வியைச் சுற்றியே ஓடுகின்றன. பாபிலோனின் அக்கினிச் சூளைக்குமுன் நின்ற மூன்று வாலிபரும், தேவன் தங்களைத் தப்புவிக்க வல்லவர் என்றும், தப்புவிக்காமற்போனாலும் சிலையை வணங்கமாட்டோம் என்றும் ஒரே மூச்சில் சொன்னார்கள் (தானியேல் 3). முதற்பாதியை நாம் சாட்சி நேரத்தில் சொல்லுகிறோம். பிற்பாதியை நம் பிள்ளைகள் நம் வாயிலிருந்து கேட்டிருக்கிறார்களா?

சில மாதங்களுக்குமுன் வடஇந்திய நகரம் ஒன்றிலிருந்து ஒரு தாயார் எழுதியிருந்தார். மகன் விடுமுறைக்கு வந்தபோது குடும்ப ஜெபத்தில் கண்களை மூடாமல் உட்கார்ந்திருந்தானாம். பேயோட்ட வேண்டுமா, கைப்பேசியைப் பிடுங்க வேண்டுமா என்று கேட்டிருந்தார். இரண்டும் வேண்டாம் சகோதரியே. அவன் கண்களை மூடி நடிக்கவில்லையே, அதற்காக ஸ்தோத்திரம் சொல்லுங்கள். உட்காரவைத்துப் பேசுங்கள். அவன் என்ன வாசித்தான் என்று கேளுங்கள்.

இப்படிப் பேசுவதற்கு நம் தேசத்திலேயே ஒரு மாதிரி உண்டு. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் சில காலம் தாவரவியல் கற்பித்த கோரா என்கிற கோபராஜு ராமச்சந்திர ராவ், 1940-இல் ஆந்திர தேசத்தில் நாத்திக மையம் ஒன்றை நிறுவியவர். 1944-இல் அவர் காந்தியடிகளைக் காணச் சேவாகிராமம் சென்றார். தேவனை வாழ்நாள் முழுதும் அழைத்துக்கொண்டிருந்த காந்தியார், தேவனே இல்லை என்றவரோடு பலமுறை அமர்ந்து பேசினார். அவரை மாற்ற அவசரப்படவில்லை, விரட்டவும் இல்லை. கோரா தம் மூத்த மகளைத் தாழ்த்தப்பட்ட சமூகத்து இளைஞருக்குக் கொடுக்கத் தீர்மானித்தபோது, அத்திருமணத்தை ஆசிரமத்திலேயே நடத்திவைக்கவும், தேவனுடைய நாமத்துக்குப் பதிலாகச் சத்தியத்தின் நாமத்தில் நடத்தவும் காந்தியார் இசைந்தார். அதற்குள் சுடப்பட்டு மரித்தார். 1948 மார்ச்சில் அதே சேவாகிராமத்தில் அத்திருமணம் நடந்தது.

ஒரே அப்பத்தில் பங்குபெறுகிற நம் சபைகளின் திருமண விளம்பரங்களில், அபிஷேகம் பெற்ற மணமகன் தேவை என்பதற்கு அடுத்த வரியில் என்ன அச்சாகிறது என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் மகன் அந்த வரியைத்தான் உங்களிடம் முதலாவது கேட்பான். அதற்கு விடையைத் தயாராய் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

அவன் கேட்கக்கூடிய கேள்வி இன்னொன்றும் உண்டு. ரஸ்ஸல் தமக்கு முன்னோடியாகக் குறிப்பிட்ட ரோமக் கவிஞன் லுக்ரேஷியஸ், கிறிஸ்துவுக்கு முன்பிருந்தவன். கப்பல்களுக்குக் காற்று வேண்டித் தகப்பன் தன் மகளையே பலியிட்ட கிரேக்கக் கதையைச் சொல்லி, பக்தி இத்தனை தீமைக்கும் மனிதரைத் தூண்டும் என்று அங்கலாய்த்தான். நியாயாதிபதிகள் 11-ஆம் அதிகாரத்தில் யெப்தாவின் மகளும் அப்படியே தகப்பனுடைய பொருத்தனைக்கு இரையாகிறாள். அவளைக் குறித்து அடுத்த இதழில் எழுதுகிறேன். அதற்குள் அந்த அதிகாரத்தைக் குடும்பமாய் ஒருமுறை வாசித்துவையுங்கள்.